பத்து வீடும் ஒற்றை வீடும்

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதக் கை வரவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில் டிரெயினிங் முடித்த கையோடு கிடைத்த வேலை. எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில். அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். கண் மங்கிப்போய் வேலையை விட்டிருந்தார். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் நான் செய்தது இன்னும் கேவலமாகத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் என்றால் ஓலைக்கூரை போட்ட ஒரே நீளமான கொட்டகை. தரை மணல். பெரிய வாத்தியார் மூன்றிலிருந்து ஐந்து வரை பார்த்துக்கொள்வார். ஒன்றும் இரண்டும் என் தலையில். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது பிள்ளைகள். நாற்பது இருந்தால்தான் இரண்டாவது வாத்தியார். ஒன்று குறைந்தாலும் எனக்கு வேலை இல்லை. அந்த வருஷம் மிகச்சரியாக நாற்பது.

இரண்டாம் வகுப்புக்கு இடமதிப்பு சொல்லித்தர வேண்டும். கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஆடு மழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அதனால் மணலில் இரண்டு கட்டம் கிழித்தேன். வலப்பக்கம் ஒற்றை வீடு, இடப்பக்கம் பத்து வீடு. தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்து ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தேன். ஒற்றை வீட்டில் ஒன்பது குச்சி வரை குடியிருக்கலாம். பத்தாவது வந்துவிட்டால் எல்லாவற்றையும் வலை நூலால் ஒரே கட்டாகக் கட்டிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். இதுதான் சட்டம்.

முதல் வாரம் அவர்கள் கட்டின கட்டுகளை அவிழ்த்து எண்ணினேன். ஒவ்வொன்றிலும் பதினொன்று இருந்தது. ஒருவர் தப்பினால் பரவாயில்லை, வகுப்பே தப்பினால் என்ன செய்வது? "பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

ஒரு பெண் எழுந்தாள். ஆறு முடிந்து ஏழு நடக்கிற வயது. பரட்டைத் தலை, இடுப்பில் நிற்காத பாவாடை. அவளை மூத்தவள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

"எண்ணத் தெரியும் டீச்சர். பத்துதான் கட்னோம். ஒண்ணு கொசுறு."

அவள் அம்மா மீன் விற்கிறவள். கானாங்கெளுத்தி பத்து எண்ணிப் போட்டால் மேலே ஒன்று போட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள். குப்பத்தில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து என்றாலே கையில் விழுவது பதினொன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் கொசுறு உண்டு, கணக்கில் கிடையாது என்று புரியவைக்க இரண்டு வாரம் பிடித்தது.

மூத்தவள் கெட்டிக்காரி. நாற்பது எழுதச் சொன்னால் ஒரு பையன் வெறும் நாலு போட்டு நிறுத்திவிட்டான். ஒற்றை வீட்டில்தான் யாரும் இல்லையே என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"ஆளு இல்லன்னா வூட்ட இடிச்சிருவாங்களாடா? பூட்டிகினு போயிருக்காங்கன்னு ஒரு வட்டம் போடு."

சைபருக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் டிரெயினிங்கில்கூடக் கேட்டதில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் வண்டி கட்டிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரைத் தாண்டுவதற்குள் போய்விட்டாள். அந்த நேரம் நான் இங்கே மணலில் கட்டம் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெயர் கூப்பிடும்போது அவள் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். அடுத்த பெயருக்குப் போனேன். அவள் உட்காரும் இடத்தை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். நெருங்கி உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. கூரை ஒழுகினால் கைக்காசு போட்டு ஓலை வாங்குகிறவர்.

"இன்ஸ்பெக்டர் வர்ற திங்கட்கிழமை வர்றார். நாற்பதுல ஒண்ணு போனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்" என்றார்.

தெரியும். முப்பத்தொன்பது. ஒற்றை வீட்டில் எடுக்க ஒன்றும் இல்லை. பத்து வீட்டில் ஒரு கட்டை அவிழ்த்தாக வேண்டும். அவிழும் கட்டு என் குடும்பம்.

"பேரை அடிக்காதே. அந்தப் பொண்ணுக்குக் கீழே ஒரு தங்கச்சி இருக்காமே? ஒரு நாளைக்கு அதைக் கொண்டுவந்து அந்த இடத்துல உட்காரவை."

"அதையே ஒண்ணாம் வகுப்புல சேர்த்துடலாமே சார்?"

"நாலரை வயசு. அஞ்சு முடியணும். ஜூன்ல சேர்க்கலாம். இப்ப ஒரு நாள் சமாளி."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாக்காரி வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. வந்த விஷயத்தை எப்படியோ மென்று விழுங்கிச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேரு சொல்லிக் கூப்புடுவியா டீச்சரு?" என்று கேட்டாள்.

"கூப்பிடணும்."

"மூத்தது பேரத்தானே?"

"ஆமாம்."

"கூப்ட்டா உள்ளேன்னு சொல்லுமா?"

"சொல்லணும்மா. ஒரு நாளைக்குத்தான்."

கருவாட்டை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப இட்டுகினு போ" என்றாள். எனக்காக இரங்குகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

இளையவள் வயதுக்கு மீறின வளர்த்தி. மறுநாள் அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சரியாக இருந்தது. ஒரு நாளைக்கு என்றாலும் பழக்க வேண்டுமே? மூன்று நாள் மத்தியானம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பெயர் கேட்டால் அக்கா பெயரைச் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு விளங்கவில்லை. "அது அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வகுப்பில் அப்போது குச்சிக்கட்டை விட்டுக் கிளிஞ்சலுக்கு மாறியிருந்தோம். ஒற்றை வீட்டில் வைத்தால் கிளிஞ்சல் ஒன்று. பத்து வீட்டில் வைத்தால் அதே கிளிஞ்சல் பத்து. ஒரு கிளிஞ்சலை எடுத்து அவள் முன்னால் ஒற்றை வீட்டில் வைத்தேன்.

"இது எத்தனை?"

"ஒண்ணு."

பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளினேன். "இந்த வீட்டுக்கு வந்துட்டா இது பத்து. கிளிஞ்சல் மாறிச்சா?"

"இல்ல."

"இருக்கிற இடம்தான் மாறிச்சு. இடம் மாறினா அதோட பேரும் மாறிடும். நீயும் அப்படித்தான். அக்கா இடத்துல உட்கார்ந்தா நீதான் அக்கா."

அவள் கிளிஞ்சலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி ஒற்றை வீட்டில் வைத்தாள், பத்து வீட்டில் வைத்தாள். முகம் மலர்ந்தது. புரிந்துவிட்டது. இடமதிப்பை அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் பின்னும் நான் யாருக்கும் விளக்கியதில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். தலைகளை எண்ணினார், நாற்பது. பெயர் கூப்பிடச் சொன்னார். அந்தப் பெயரையும் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்று கணீரென்று வந்தது. குரலும் அக்கா குரல்தான். பிள்ளைகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டி ஜன்னலுக்கு வெளியே தலையில் கூடையோடு அம்மாக்காரி நின்றிருந்தாள்.

போகிற போக்கில் இன்ஸ்பெக்டர் இளையவளையே எழுப்பினார். "பத்துக் குச்சி கட்டிக் காட்டு, பார்ப்போம்."

அவள் நிதானமாக எண்ணிக் கட்டிக் கொடுத்தாள். அவர் அவிழ்த்து எண்ணினார். "பதினொண்ணு இருக்கே?"

"ஒண்ணு கொசுறு."

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய வாத்தியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜூன் மாதம் அதே இடத்தில் அதே பாவாடை எழுந்து நின்று சொன்ன அதே வார்த்தை. அதை நான் சொல்லித்தரவே இல்லை. "பொண்ணு பேரென்ன?" என்றார் அவர். இளையவள் செத்துப்போன குழந்தையின் பெயரைத் தடுமாறாமல் சொன்னாள். கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். என் வேலை பிழைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை அந்த இடத்தில் இளையவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து வரிசையாகக் கூப்பிட்டேன். அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடலாம் என்று நிமிர்ந்தால் ஜன்னலில் கூடை தெரிந்தது. கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்." கூடை நகர்ந்து போனது.

அப்புறம் தினமும் அதே கதை. மழை பெய்தாலும் அம்மாக்காரி வந்து நின்று, அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போவாள். ஒரு நாள் வெளியே போய், "இனிமே வேண்டாம்மா. இது சரியில்லை" என்றேன்.

"இஸ்கோலுக்குப் போறவள ஏன் தடுக்கிற டீச்சரு? நல்லாத்தானே படிச்சிகினு கீறா?" என்றாள். குரலில் சண்டை இல்லை, அழுகையும் இல்லை. பெரிய வாத்தியாரிடம் சொன்னேன். "பாவம், மனசு ஆறட்டும் விடு" என்றார். விட்டேன். விடுவது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

பொங்கலுக்குப் பிறகு வகுப்புப் பிள்ளைகளும் இளையவளை அக்கா பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் விளையாட்டுக்கு, அப்புறம் சாதாரணமாக. மாசியில் ஒரு சாயங்காலம் கரையோரமாகப் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். அம்மாக்காரி வாசலில் நின்று மூத்தவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சாப்பிடக் கூப்பிடுகிற சாதாரணக் குரல். நின்றுவிட்டேன். படகுகளுக்கு நடுவிலிருந்து ஒரு குழந்தை, "தோ வந்துகினே கீறேன்மா!" என்று கத்திக்கொண்டு ஓடியது. ஒரு கணம், ஒரே கணம், நான் எந்தக் குழந்தையைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. செத்தவளை நினைத்து அல்ல. அவளுக்காக அழுதாயிற்று. இளையவள் ஒருத்தி இருந்தாளே, அவள் எங்கே போனாள்? அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த ஒரு பெயர் இருந்தது. அதைக் கூப்பிட ஊரில் யாரும் மிச்சம் இல்லை. பறித்தது நான். என் வேலைக்காக.

ஜூன் வந்தது. அவளுக்கு ஐந்து முடிந்திருந்தது. ரிஜிஸ்டர் எல்லாம் புதிதாக எழுத வேண்டும். இந்த முறை துணிந்துவிட்டேன். மூத்தவளின் பெயரை மூன்றாம் வகுப்புக்கு ஏற்றமாட்டேன். இளையவளை அவள் பெயரிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பேன். அம்மாக்காரி வந்து மண்ணை வாரித் தூற்றினாலும் சரி. பெரிய வாத்தியாரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்மா" என்றார்.

குழந்தையைக் கூப்பிட்டு மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். புதுப் பக்கத்தைத் திறந்து பேனாவில் மை தொட்டுக்கொண்டேன்.

"உன் பேரைச் சொல்லு கண்ணு, எழுதணும்."

அக்கா பெயரைச் சொன்னாள்.

"அது அக்கா பேரு. இனிமே அதைச் சொல்ல வேண்டாம். உன் சொந்தப் பேரைச் சொல்லு."

சரி, நானே ஆரம்பித்துவைப்போம் என்று அவளுடைய பெயரை வாய்விட்டுச் சொன்னேன். ஏழெட்டு மாதத்தில் அதை யாரோ உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "அது யாரு? நீதானே?"

தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல, கொஞ்சம் இரக்கத்தோடுகூட, என்னைப் பார்த்தாள்.

"அவ செத்துப்பூட்டா டீச்சர்."

புதுப் பக்கத்தை மூடினேன். மூன்றாம் வகுப்பு ரிஜிஸ்டரை எடுத்து, அவள் முதலில் சொன்ன பெயரை எழுதினேன். எழுதும்போது என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்த வருஷமும் எண்ணிக்கை நாற்பது இருந்தது.