வேர்க்காத வெயில்

அண்ணாச்சியின் பனியனில் இருந்துதான் தொடங்க வேண்டும். தாராவியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த வெல்டிங் பட்டறையில் அவர் வேலை பார்த்தார். கை வைத்த வெள்ளைப் பனியன். வெள்ளை என்பது கடையில் வாங்கிய அன்றைக்கு மட்டும். பதினோரு மணி வாக்கில் பட்டறையை விட்டு வெளியே வந்து, அதைக் கழற்றி, இரண்டு கையாலும் முறுக்கிச் சாக்கடை ஓரமாகப் பிழிவார். ஒழுகுகிற வேர்வையைக் கறந்த பாலைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்ப்பார். பிறகு உதறி மாட்டிக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உள்ளே போவார். அவருடைய தெர்மாமீட்டர் அதுதான். பிப்ரவரி என்றால் நாளுக்கு ஒரு பிழி. ஏப்ரல் என்றால் மூன்று. மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டுகிற மே மாதக் கடைசியில் ஐந்து பிழி வரை போகும். "அஞ்சு பிழிலே இன்னைக்கு, சூரியனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு" என்பார். டிவியில் எத்தனை டிகிரி சொன்னாலும் அவர் காதில் ஏறாது. ஒரு பிழிக்கு ஒரு செம்பு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இருபது வருஷம் நெருப்புப் பொறிக்கு நடுவே நின்ற மனிதர், ஒரு நாள்கூட மயங்கி விழுந்ததில்லை.

அந்தக் கணக்கைக் கெடுத்தவர்கள் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை. அவர்கள் பெயர்களைப் பட்டியல் போட்டால் முதலில் வருவது என் பெயர். அது வேறு கூடுதல் எரிச்சல்.

செம்பூரில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஓர் ஆபீஸில் நான் குமாஸ்தா. வளைகுடாவுக்கு மட்டுமே ஆள் அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் மேனேஜருக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் திடீரென்று ஸ்பெயின் கிடைத்தது. நாட்டின் தெற்கே, கோர்தோபா நகரத்துக்கு வெளியே, பொட்டல் காட்டில் சூரிய மின்சாரத் தகடுகளை நிறுத்த இரும்புச் சட்டம் அடிக்கும் வேலை. வெல்டர்கள் வேண்டும். நம் ஆட்களோ ஸ்பெயின் என்றதும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அங்க பனி பெய்யுமாமே?" நம்மவர்களுக்கு வெளிநாடு இரண்டே வகை. ஒட்டகம் இருந்தால் வெயில், வெள்ளைக்காரன் இருந்தால் பனி. இந்தப் பயத்தைத் தெளியவைக்க, ஸ்பெயினின் தட்பவெப்பம் பற்றித் தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். நான் வாழ்நாளில் பார்த்த அதிகபட்ச மேற்கு, பம்பாய்க்குள்ளேயே இருக்கிற சர்ச்கேட் ஸ்டேஷன். அது ஒரு தடையாக எனக்கோ அவருக்கோ தோன்றவில்லை.

இன்டர்நெட்டில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தேன். உலர்ந்த வெப்பம், வருஷம் முழுவதும் சூரிய ஒளி, இதமான மாலைகள் என்று போட்டிருந்தது. கடற்கரையில் நாற்காலி போட்டுப் படுக்க வருகிறவனுக்காக எழுதியது அது என்பதை யோசிக்கிற அறிவு எனக்கு இல்லை. தமிழில் இப்படி இறக்கினேன்: "பயம் வேண்டாம். நம் பம்பாய் வெய்யில் பார்த்தவர்களுக்கு ஸ்பெயின் வெய்யில் ஒன்றும் பெரிதல்ல. பிசுபிசுப்பு இல்லை. மதியம் ஓய்வு உண்டு. முக்கியமாக, வேர்க்காது."

மேனேஜர் பம்பாயிலேயே, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் வாசித்துக் காட்டினேன். கடைசி வார்த்தையில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அரே வாஹ்! அந்த வேர்க்காதுங்கிற வேர்டைப் பெருசா, போல்டுல போடுப்பா. ஆமா, இதை நீ எழுதினேன்னு யார்கிட்டயும் உளறாதே. ஸ்பெயின்லேர்ந்தே வந்ததுன்னு சொல்லு. அப்பத்தான் வெயிட்." நான் தலையாட்டினேன். என் உடம்பில் சோர்வே தெரியாமல் வேலை செய்கிற உறுப்பு அந்தத் தலைதான்.

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம். ஆளுக்கு ஒரு நோட்டீஸ் கையில் கொடுத்தேன்; வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தடுமாறும் என்பதால் நானே உரக்க வாசித்தும் காட்டினேன். 'வேர்க்காது' என்றதும் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், கிரிக்கெட்டில் சிக்ஸர் விழுந்ததுபோல. பம்பாயில் வாழ்கிறவனுக்கு அந்த வார்த்தை என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. லோக்கல் ரயிலில் அடுத்தவன் வேர்வையில் குளித்து வேலைக்குப் போகிற ஊர் இது. அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார். "வேர்க்காதாம்லா! பொறவு என்ன, ராசா மாதிரி நின்னுக்கிட்டு வெல்டிங் அடிக்கலாம்" என்றார். பக்கத்தில் இருந்த மதினி, அவர் மனைவி, "போயிட்டு வாங்க, பனியனாவது வெளுப்பா இருக்கும்" என்றாள். மண்டபமே சிரித்தது. "எவம்லே எழுதுனது? நல்லா எழுதியிருக்கான்" என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். "ஸ்பெயின்ல இருந்து வந்தது அண்ணாச்சி" என்றேன். என் எழுத்தை ஒரு மனிதர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட முடியவில்லையே என்று வருத்தம்கூட இருந்தது. செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

ஏப்ரலில் போனார். ஜூலையில் விழுந்தார்.

கூடப் போயிருந்த தூத்துக்குடி வெல்டர் ஒருவர் போனில் சொன்னது இது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த வாரம் வேலை பின்தங்கிப்போனதால் நாலு மணிக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு மணி என்றால் பம்பாய்க்காரனுக்கு என்ன அர்த்தம்? வெயில் மாஹிம் கழிமுகம் பக்கம் சரிந்துவிட்டது, டீ குடிக்கலாம் என்று அர்த்தம். அந்த ஊரில் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டரை மணிக்கு. அடங்கும்போது பத்து மணியை நெருங்கிவிடும். அடுப்பு முழுசாகப் பற்றுவது ஐந்திலிருந்து ஆறு மணிக்குள். அண்ணாச்சிக்கு இது தெரியாது. நோட்டீஸில் இல்லையே. அவர் வழக்கம்போலப் பனியனைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இஸ்திரி போட்டதுபோல மொடமொடவென்று இருந்திருக்கிறது. வேர்க்காமல் இல்லை, வேர்த்த வேர்வையைக் காற்று அந்தக் கணமே நக்கிவிட்டது. கழுத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்ததாம். தண்ணீர் பாட்டிலை நீட்டிய மொராக்கோக்காரரிடம், "பிழியவே இல்ல, பொறவு எதுக்கு?" என்று தமிழிலேயே சொல்லி ஒதுக்கியிருக்கிறார். ஐந்தே முக்காலுக்குச் சட்டத்தின் மேல் சாய்ந்தார். அள்ளிக்கொண்டு போகும்போது உடம்பு தொடமுடியாதபடி கொதித்ததாம். ஆஸ்பத்திரியில் நினைவில்லை, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன, மிஷின் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை மதினி செம்பூர் ஆபீஸுக்கு வந்தாள். படியில் அவள் குரல் கேட்டதும் இந்தத் தைரியசாலி என்ன செய்தான் தெரியுமா? கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். போகிற வழியில் மேஜை மேல் இருந்த நோட்டீஸ் கட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். உள்ளே போனதும், போனில் என் பெயரோடு இருந்த நோட்டீஸ் ஃபைலை அழித்தேன். அழித்த பிறகுதான் அதை நானே நாற்பது பேருக்கு அனுப்பிவைத்திருந்தது ஞாபகம் வந்தது. நோட்டீஸ் எழுதியவனைப் போலீஸ் பிடிக்குமா என்று இன்டர்நெட்டில் தேடினேன். நோட்டீஸ் ஒட்டியவனுக்கு அபராதம் என்று வந்தது. ஒட்டவில்லையே, கையில்தானே கொடுத்தோம் என்று ஓர் ஆறுதல்! ஒரு மனிதன் ஏழு கடலுக்கு அப்பால் மிஷினில் கிடக்கிறான், நான் பசை தடவவில்லை என்று நிம்மதிப்படுகிறேன்.

கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டது. "வேர்க்காதுன்னுதானய்யா பெரிய எழுத்துல போட்டிருக்கு. பொறவு எப்படி விழுந்தாரு?" என்றாள் மதினி. மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "அம்மா, டென்ஷன் ஆகாதீங்க. அவருக்கு ஷுகர் இருக்கா? பிபி? அந்தப் பழக்கம் ஏதாவது...?" என்றார். பிறகு மதினி சொன்னாள்: "எம்புருசனுக்கு இருந்த ஒரே பழக்கம் தண்ணி குடிக்கதுதான். பச்சத் தண்ணி. அதையும் நீங்க நிப்பாட்டிட்டீங்க." அவள் படியிறங்கும் வரை நான் வெளியே வரவில்லை. அந்த மேனேஜரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. பரபரத்த கையால் தாழ்ப்பாளைக்கூட நீக்கவில்லை.

பத்து நாள் மிஷின் ஓடியது. அந்தப் பத்து நாளும் எழுதுவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். போகப்போகிறவர்கள் கேளுங்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாடவில்லை. ஸ்பெயின் வெயில் என்று ஒரு வெயில் கிடையாது. வடக்கே கடலோரம் போனால் நம் கொங்கணக் கரை மாதிரி பச்சை. குடை இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. நடுவில் தலைநகர் மத்ரீத் பக்கம் மேட்டு நிலம். கோடையில் பொசுக்கும், டிசம்பரில் விடியற்காலை தண்ணீர் உறையும். கிழக்குக் கரையில் ஆண்டெல்லாம் தூங்குகிற மழை, கோடை முடிந்ததும் ஒரே நாளில் எழுந்து வந்து தெருவை ஆறாக்கும். அப்போது 'நாங்க பார்க்காத வெள்ளமா' என்று கால் வைக்காதீர்கள். தெற்கே குளிர்காலம் லேசானதுதான், ஆனால் பல வீடுகளில் கணப்பு இல்லை, தரையெல்லாம் ஓடு, வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகம் நடுங்குவீர்கள். ஸ்வெட்டர் வேண்டும். சில நாள் ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் தூசி வந்து வானமே செம்மண் நிறமாகும், மூச்சு முட்டும். தெற்கின் உள்நாட்டில் கோடை என்றால் சாயங்காலத்தை நம்பாதீர்கள். தாகத்தை நம்பாதீர்கள். முக்கியமாக, உங்கள் வேர்வையை நம்பாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள்.

இதையெல்லாம் சேர்த்து நோட்டீஸை மாற்றலாம் என்று மேனேஜரிடம் போனேன். "இப்படிப் பயமுறுத்தினா எவன்யா ஏறுவான் பிளேன்ல?" என்றார். சரி என்று நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இந்த ஆளுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே! அன்று மாலையே புதிதாக அடித்தேன். அவரிடம் பழையதையே வாசித்துக் காட்டினேன். "பிந்தாஸ்! பிரமாதம்!" என்று சொல்லி அச்சுக்கு அனுப்பினார். ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கத்தான் தோன்றியது. ரயில் ஏறி, நான் இப்போது குடியிருக்கும் சான்பாடாவில் இறங்குவதற்குள் இன்னொரு எண்ணம் என்னைக் கடித்துக் குதறிவிட்டது. இதை முதல் தடவையே செய்திருக்கலாம். உண்மையை எழுதிவிட்டு அவரிடம் எதை வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்து 'வேர்க்காது' என்று எழுதவைக்கவில்லை. மேனேஜர் அந்த எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார்; அவ்வளவுதான்.

அண்ணாச்சி பிழைத்தார். நவம்பரில் திரும்பி வந்தார், பாதி ஆளாக. நெருப்புப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதும் அதே பட்டறைதான். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரும்புப் பட்டையை அளந்து சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுப்பார். உள்ளே பொறி பறக்கும்போது முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வார். நான் ஆறு மாதம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். எதிர்வீட்டுப் பையனாக வளர்ந்தவன், மூன்று சந்து சுற்றி என் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

மே மாதம் ஒரு மதியம், இனி முடியாது என்று நேரே போய் அவர் முன்னால் நின்றேன். "அண்ணாச்சி, அந்த நோட்டீஸ் ஸ்பெயின்ல இருந்து வரல..." என்று ஆரம்பித்தேன். அவர் சட்டைப்பையில் இருந்த போன் அலறியது. கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்க மதினி வைத்துவிட்டிருக்கும் அலாரம். பாட்டிலை எடுத்து, நிதானமாக, மடக்கு மடக்காகக் குடித்தார். மூடியைத் திருகினார். "இப்பச் சொல்லு."

"நாந்தான் எழுதுனேன்."

"தெரியும்லே. வெயிலுக்கு ஊடால ஒரு 'ய்' சேத்து எழுதுதவன் இந்தத் தாராவியில நீ ஒருத்தன்தான். பட்டறை போர்டுல மழைக்கும் வெய்யிலுக்கும் ஏத்த கூரைன்னு எழுதுனது யாரு?"

"அப்பவே தெரியுமா? பொறவு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னத்தக் கேக்க? பொய்யா எழுதுன? நெசமாவே வேர்க்கலலே."

அவர் கத்தியிருக்கலாம், சாக்பீஸையாவது எறிந்திருக்கலாம். அவர் படவேண்டிய கோபத்தையும் நானே சுமந்துகொண்டு அங்கே நின்றேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் இருந்து வழிந்து கண் எரிந்தது. விரல் நுனியில் இருந்து சிமெண்ட் தரையில் சொட்டியது. அண்ணாச்சி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"என்னலே, இப்படி ஒழுவுது?"

"பயமா இருக்கு அண்ணாச்சி."

"பயப்படாத" என்றார். சிரிக்கவில்லை. "நல்லா வேர்க்குதுல்லா? ஒனக்கு ஒண்ணும் ஆவாது."