பன்றிக்குத் திறக்காத கதவு

மிக்தாலியாவைப் பழிவாங்கத்தான் அந்தக் குளிர் அறைக்கு அனுப்பினார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. அவளுக்குக் கை வேர்க்கும், அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் பினார் தெல் ரியோ ஊரின் ஒரு சுருட்டு ஆலையில் சுருட்டு சுற்றும் பலகை முன்னால் உட்கார்ந்தவள், ஒரு வருடம் முழுக்க சுருட்டின் மேல் சுற்றும் மேலிலையில் வேர்வைக் கறையாக அப்பிவைத்தாள். மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார். "குளிர்ல போய் உக்காரும்மா, அங்கயாவது கை காயுதா பாப்போம்" என்று சுருட்டு வைக்கும் அறைக்குத் தள்ளிவிட்டார். அங்கேயே முப்பத்தெட்டு வருடம் ஓடிப்போயிற்று.

ஆகஸ்டு மாதம் ஊரே பனியனைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருக்கும்போது இவள் மட்டும் கம்பளிச் சட்டையில் திரிவாள். "ஐஸ்பெட்டி வருது, ஒதுங்குங்க!" என்று கேலி செய்வார்கள். சென்ட் பூசிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். ஒருமுறை தலைநகரத்து அதிகாரியையே, "பூண்டு வாசனை வருது, பல்லு விளக்கிட்டு வாங்க" என்று சொல்லி வெளியே நிறுத்திவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் ஒரு சுருட்டுகூடப் பிடித்ததில்லை. ஆனால் அதன் குணம் அவளுக்கு அத்துப்படி. இலையை நனைத்துத்தான் சுற்றுகிறார்கள். அந்த ஈரம் தேவதாரு அலமாரிக்குள் மூன்று வாரம் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். பதினெட்டு டிகிரி குளிர் வேண்டும், காற்றின் ஈரப்பதம் எழுபதைத் தாண்டக் கூடாது. ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும். ஒரேயடியாகக் காய்ந்தால் மேலிலை அப்பளமாக நொறுங்கும். வெப்பம் இருபத்துநாலைத் தாண்டிவிட்டால் இலைக்குள் கிடக்கும் வண்டு முட்டை பொரிந்து, சுருட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் எந்த நாற்றம் இருந்தாலும் அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

அந்த ஆகஸ்டில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. ஆலையின் சின்ன ஜெனரேட்டர் இயக்குநர் எவெலியோவின் அலுவலகத்துக்கு மட்டும்தான் தாங்கும். குளிர் அறையின் ஏசி நின்ற நிமிடமே மிக்தாலியா கதவைப் பூட்டி, இடுக்கெல்லாம் ஈயக்காகிதம் ஒட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியே பார்த்தால் உள்ளே தொங்கும் வெப்பமானி தெரியும். இருபத்திரண்டு. திறக்காமல் இருந்தால் இன்னும் ஒரு நாள் தாக்குப்பிடிக்கலாம். உள்ளே முப்பத்தாறாயிரம் சுருட்டு, வெளியே சுருட்டு சுற்றும் கூடத்தில் இருந்த நூறு பேரின் உழைப்பு.

காலை பத்து மணிக்கு எவெலியோ வந்தார். பின்னால் இரண்டு பேர் உரித்த முழுப் பன்றியைத் தூக்கி வந்தார்கள். அவர் மகளுக்குச் சனிக்கிழமை பதினைந்தாம் பிறந்தநாள் விருந்து. அன்று வியாழன்.

"கதவத் திறங்க மிக்தாலியாம்மா. ஊர்லயே குளிர்ச்சியான இடம் இதுதான்."

"திறக்க முடியாது, தோழர்."

"ஒரு நிமிஷம்தான். வச்சிட்டு மூடிடலாம்."

"ஒரு நிமிஷத்துல ஒரு டிகிரி ஏறும். அந்தப் பன்னி வேற சூடு ஆறாம கிடக்கு, ஈரத்த விட்டுட்டே இருக்கும். லண்டன்ல எவனாவது சுருட்டப் பத்த வச்சு, என்னடா கசாப்புக்கடை வாசனை வருதுன்னு கேக்கணுமா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எவெலியோவின் முகம் சிவந்தது.

"நான் இயக்குநர். இது உத்தரவு."

"எழுதிக் குடுங்க. 'பன்றி வைப்பதற்காகத் திறக்கப்பட்டது'ன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க."

"திங்கக்கிழமை உங்கள இலைக்காம்பு உரிக்கிற கூடத்துக்கு மாத்திடுவேன்!"

"மாத்துங்க. திங்கக்கிழமைதானே? இன்னிக்கு வியாழக்கிழமை."

எவெலியோ குரலைத் தாழ்த்தி, எல்லார் காதிலும் விழும்படியே கேட்டார். "உங்க வீட்டுச் சாமான்னா திறக்க மாட்டீங்களா?"

அதற்குமேல் சோய்லாவால் பொறுக்க முடியவில்லை. முதல் வரிசையில் சுருட்டு சுற்றுகிறவள், மிக்தாலியாவின் பக்கத்து வீட்டுக்காரி. எழுந்து நின்றாள்.

"அவ புருஷனோட இன்சுலின் ரெண்டு நாளா மண்பானைக்குள்ள ஈரத்துணி சுத்திக் கிடக்கு, தோழர். இங்க வந்து வையுடின்னு நேத்து நான்தான் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கிட்டேன்!"

போன வருடம்தான் அவள் புருஷன் நார்சிசோவுக்குச் சர்க்கரை நோயால் இரண்டு கால்விரலை எடுத்திருந்தார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எவெலியோ லேசுப்பட்ட ஆள் இல்லை. சட்டென்று குழைந்தார். "அட, முன்னாலயே சொல்லக் கூடாதா? அதையும் எடுத்துட்டு வாங்கம்மா. ஒரே தடவ திறப்போம், ரெண்டையும் வச்சிடுவோம்."

மிக்தாலியாவின் கை தானாகச் சாவிக்குப் போனது. மருந்துக்கு வாசனை ஏது? ஒரு நிமிடம்தானே? விடிகாலையில் அந்தக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்த நார்சிசோவின் பயந்த முகம் கண்முன் வந்தது. திறக்கத்தான் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது.

"தம்பி," என்றாள். அவரைத் தோழர் என்று அவள் அழைக்காதது அதுவே முதல்முறை. "உங்க ஆபீஸ்ல ஜெனரேட்டர்ல ஓடுதே குட்டி பிரிட்ஜ், அதுல என்ன இருக்கு?"

எவெலியோ பன்றியைத் தூக்கி நின்றவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பீர்!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"அதுல ஒண்ண வெளிய எடுங்க. என் புருஷன் மருந்து கட்டவிரல் அளவுதான்."

சோய்லா இலை வெட்டும் கத்தியைத் தட்டையாகப் பிடித்துப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்புறம் பக்கத்துப் பலகை. அப்புறம் கூடம் முழுக்க நூறு கத்தியும் தடதடவென்று தட்டின. அங்கே கைதட்டுவது அப்படித்தான்.

பன்றியை அன்று மதியமே எவெலியோ வீட்டுக் கொல்லையில் சுட்டார்கள். பிறந்தநாள் பெண் அழுதுகொண்டே தின்றாளாம். இன்சுலின் பீர் பாட்டில்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை மாலை கரண்ட் வந்தபோது வெப்பமானியில் இருபத்துமூன்றரை. மிக்தாலியா கதவைத் திறந்து, ஒவ்வொரு அலமாரியாகக் கட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். ஒரு வண்டு ஓட்டைகூட இல்லை.

திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர்தான், அதில் குறை சொல்ல முடியாது. அறைக்குச் சோய்லாவைப் போட்டிருந்தார்கள். கூடமே எழுந்து சண்டைக்கு நின்றது. மிக்தாலியா எல்லோரையும் உட்காரச் சொன்னாள். கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி, தோழியின் கழுத்தில் மாட்டினாள்.

"கரண்ட் போச்சுன்னா யார் வந்து கேட்டாலும் திறக்காத."

"எவெலியோதானே? வரட்டும், பாத்துக்கறேன்."

"அவன் கிடக்கான்டி. நான் வந்து அழுதாலும் திறக்காத."