நாலு விரல் கிதார்

கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, தந்தி மீட்டும் வில்லையை ஆள்காட்டி விரலில் தோல்வாரால் கட்டிக்கொள்கிறார் விர்ஜில் டாக்கெட். முடிச்சின் ஒரு முனையைப் பல்லால் இழுக்க வேண்டியிருக்கிறது. வலது கையில் கட்டைவிரல் இல்லை. லாயத்தில் டாமினோ காதை மடக்கிக்கொள்கிறது. அந்தக் குதிரைக்குக் கிதார் சத்தமே ஆகாது. திரையில் அவர் பாடும்போதெல்லாம் அது உருகி நிற்பதாக நாடே நம்புகிறது. அப்போது அதன் கடைவாயில் கேரட் இருக்கும்.

ஓக்லஹோமாவில் மாடு மேய்த்தவர். உள்ளூர் வானொலியில் தீவனக் கம்பெனிக்காகப் பாடி, அங்கிருந்து கலிபோர்னியா வந்து, வருடத்துக்கு ஆறேழு படம் என்று நடித்துத் தள்ளியவர். எல்லாம் ஒரே கதைதான்: பண்ணையைப் பிடுங்கப் பார்க்கும் வங்கிக்காரன், பண்ணைக்காரரின் மகள், நடுவில் நாலு பாட்டு. எவ்வளவு அடிதடி நடந்தாலும் தொப்பி மட்டும் கழலாது. "விழுந்தா வழுக்கை தெரிஞ்சிடும்ல, அதான் பசை போட்டு ஒட்டியிருக்கேன்" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

போன வசந்தத்தில் ஒரு காளைக்குக் கயிறு வீசினார். படத்துக்காகக்கூட அல்ல, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக. கயிறு காளையின் மேல் விழுந்ததும் மறுமுனையைக் குதிரைச் சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் சுற்ற வேண்டும். சுற்றும்போது கட்டைவிரலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். புதிதாகக் கயிறு பிடிக்கிற எவனுக்கும் அவர் முதலில் சொல்வது அதைத்தான். அன்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சுற்றினார். காளை இழுத்தது, கயிற்றுக்கும் சேணக் கொம்புக்கும் நடுவில் சிக்கிக் கட்டைவிரல் துண்டாகிப் போயிற்று. வலியைவிட வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது.

படக் கம்பெனி ஒரு வழி சொன்னது. கிதாரை வேறொருவர் வாசிப்பார், அவருடைய கையையே படம் பிடிப்பார்கள், இவர் முகத்தைக் காட்டிப் பாடினால் போதும். கதாநாயகனுக்கு உடம்பில் குறை தெரியக் கூடாதாம். அடம் பிடித்தால், அடுத்த படத்தில் டாமினோவின் மேல் உட்கார டெக்சஸ்காரன் ஒருவன் தயாராக இருக்கிறான். ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று மனைவி ஓபல்கூடக் கேட்டாள்.

"என் படத்தப் பாக்க வர்றதுல பாதிப் பேரு கயிறு போடுறவனுங்கதான், ஓபல். அவனுங்கள்ல எத்தனை பேருக்குக் கட்டைவிரல் இருக்கு? அவனுங்ககிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?"

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. தோல்வாரை அளவெடுத்து வெட்டித் தந்தவளும் அவள்தான். கோடை முழுக்க ஆள்காட்டி விரல் கொப்புளித்து, காய்த்துப்போய், ஒருவழியாகத் தந்தி பேச ஆரம்பித்தது. புதுப் படத்துப் பாட்டின் ஒலிப்பதிவில் அவரே வாசித்தார். இசைப் பிரிவுக்காரர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அதுவரைக்கும் கம்பெனி விட்டுக்கொடுத்தது. கையைக் காட்டுவதற்கு மட்டும் மசியவில்லை.

இன்று அந்தப் பாட்டைப் படமாக்குகிறார்கள். இயக்குநர் ஹென்ஷா நல்ல மனிதர்; அதனால் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "முகம் மட்டுந்தான், விர்ஜில். கழுத்துக்குக் கீழ ஒண்ணும் வராது. மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ண?"

"நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார் விர்ஜில். குரலில் கோபம் இல்லை.

கேமரா முகத்தருகே வந்து நின்றது. ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. விர்ஜில் வாய் நிறையச் சிரித்து, கிதாரைத் தூக்கித் தாடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, கன்னத்தை ஒட்டினாற்போல் வலது கையை வைத்து மீட்டத் தொடங்கினார்.