ஆரஞ்சு எச்சரிக்கையும் அக்காவின் வத்தலும்

காலையில் கண் விழித்ததும் போனை எடுத்து வானிலை பார்ப்பது என் வழக்கம். பல் தேய்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். போன கோடையில் ஒருநாள் அது ஒரே தேதிக்கு மூன்று படங்களை வரிசையாகக் காட்டியது: கொதிக்கிற சூரியன், மின்னல் பாயும் மேகம், அலையடிக்கிற தண்ணீர். பகலில் கடும் வெப்பம், பிற்பகலில் சூறைக்காற்றோடு இடிமழை, தாழ்வான இடங்களில் வெள்ளம். எதில் போய்ச் சேர விருப்பம் என்று கேட்டு நீட்டிய மெனு கார்டு மாதிரி இருந்தது. நான் மூன்றுக்கும் தயாரானேன்.

ஐம்பதை நெருங்குகிற ஒரு தொப்பைக்காரன், ஊரில் எவரையும் கேலி செய்யாமல் விடாதவன், காலை ஆறு மணிக்கு ஒரு கையில் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் பாட்டிலும் மறு கையில் டார்ச் லைட்டுமாக நடுவீட்டில் நின்றால் எப்படி இருக்கும்? அப்படி நின்றேன். கக்கத்தில் குடை வேறு. அது போதாதென்று வீட்டில் இருந்த வாளி, குடம், அண்டா அத்தனையிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

என் மனைவி அண்டாவைத் தாண்ட முடியாமல் சேலையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "வெள்ளம் வருதுன்னு சொல்லுதிய. பெறவு எதுக்கு வீடு பூரா தண்ணி பிடிச்சு வைக்கிய?"

"வெள்ளத்துல நல்ல தண்ணி கெடைக்காதுட்டி."

"நல்லா வந்துச்சு வெள்ளம். மொதல்ல அந்தக் குடையைக் கீழ வையுங்க. வீட்டுக்குள்ள மழை பெய்யாது."

அன்றைக்கு வெளியிலும் பெய்யவில்லை. மூன்று படங்களில் சூரியன் மட்டும் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது.

சங்கரன்கோவிலில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் கார்டு, பட்டா, வருமானச் சான்று என்று ஊரின் அத்தனை காகிதங்களுக்கும் இரட்டைப் பிள்ளை பெற்றுக் கொடுப்பது என் தொழில். கரண்ட் போனால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கோடையில் அடிக்கடி கரண்ட் போகும். அப்போதெல்லாம் மேகப் படம் பார்ப்பேன். மஞ்சள் எச்சரிக்கை என்றால் குடையைத் தேடுவேன். ஆரஞ்சு என்றால் வாளி, குடம் எல்லாவற்றையும் தேடுவேன். சிவப்பு இதுவரை வரவில்லை, வந்தால் என்னைப் பற்றி எழுத வேறு யாராவதுதான் வர வேண்டும். பக்கத்து டீக்கடை அண்ணாச்சி எனக்கு 'மழை ஆபீசர்' என்று பெயர் வைத்துவிட்டார். ஊருக்கே பட்டப்பெயர் வைத்துத் திரிந்தவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்ததில் எல்லோருக்கும் பரம திருப்தி.

என் பயம் என்னோடு நின்றிருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மாமா இறந்த பிறகு, குத்தகைக்கு எடுத்த கரிசல் காட்டில் தனியாளாக மிளகாய் போட்டு வந்தாள். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்து, மாசி, பங்குனியில் பழுத்து, சித்திரை வெயிலில் காய்ந்து வத்தலானால்தான் அவளுக்கு அடுத்த வருஷச் சாப்பாடு. பழமாகப் பறித்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. களத்தில் பரப்பி ஏழெட்டு நாள் நல்ல வெயில் காட்ட வேண்டும். அதற்குள் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். சரியாகக் காயாமல் மூடி வைத்தால் உள்ளுக்குள்ளேயே புழுங்கி, நிறம் செத்து, வெளுத்துவிடும். அப்படி வெளுத்ததற்குச் சண்டு வத்தல் என்று பெயர். கமிஷன் கடைக்காரர் அதைக் கையால் தொடவே மாட்டார். காலால் ஒதுக்குவார்.

அக்காவிடம் இருந்தது பட்டன் போன். ஆகையால் தினமும் காலை ஒன்பது மணிக்கு, களத்துக்குப் போனதும் எனக்குப் போன் போடுவாள்.

"ஏலே, உன் போனு என்ன சொல்லுது?"

நான் சொல்வேன். அவள் அதைக் கேட்டுத்தான் வத்தலைப் பரப்புவதா, குவிப்பதா என்று முடிவு செய்வாள். வாழ்க்கையில் என் வார்த்தையை நம்பி ஒரு ஆள் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

பங்குனி கடைசியில் முதல் எடுப்பு, அதாவது முதல் தடவை பறித்த மிளகாய், களத்தில் பாதி காய்ந்து கிடந்தபோது தென்காசி மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. நான் போனில் அலறினேன்.

"எக்கா, உடனே அள்ளிரு! தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடு! ரெண்டு நாளைக்குத் தொறக்காத!"

"இங்கன ஒரு பொட்டு மேகம் இல்லலே. வெயிலு மண்டையப் பொளக்குது."

"அது அப்பிடித்தான் இருக்கும். திடீர்னு வரும். சொல்லுததைக் கேளு!"

கேட்டாள். இரண்டு நாள் மூடி வைத்தாள். ஆரஞ்சு எச்சரிக்கை பொய்யில்லை, மழை நன்றாகவே பெய்தது, குற்றாலத்தில். எங்கள் மாவட்டம் மேற்கே மலையில் தொடங்கிக் கிழக்கே கரிசலில் முடிகிறது. மலையில் கொட்டும் மழைக்கும் கரிசலில் விழும் மழைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இது திருவேங்கடத்தில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும், ஆட்டுக்கும் தெரிந்திருக்கலாம். எனக்கும் தெரியும். ஆனால் பயம் வந்தால் எனக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. மூன்றாம் நாள் தார்ப்பாயைத் தூக்கியபோது இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி வந்ததாம். உள்ளே அத்தனையும் சண்டு.

நான் போய்ப் பார்த்தேன். அக்கா ஒரு வத்தலை எடுத்து வெயிலில் காட்டினாள். அது நோயாளியின் நாக்கு மாதிரி வெளுத்திருந்தது. திட்டுவாள் என்று நின்றேன்.

"உன் போனுக்குக் குத்தாலத்துல வீடு இருக்கும் போலலே" என்றாள். பிறகு, "போவுது. ரெண்டாம் எடுப்புதான் பெருசு. அது நல்லா வந்தா சரி" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீக்கடை அண்ணாச்சிக்கு விஷயம் எட்டியது. என் வாயால்தான். என் மானக்கேட்டையே கதையாக்கி நாலு பேரைச் சிரிக்க வைப்பது என் பழைய வியாதி. அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். நான் கிளாசைத் தூக்கும்போதெல்லாம், "என்ன வே ஆபீசர், இன்னைக்கு யாரு வத்தலை அவிக்கப் போறீரு?" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே மட்டும் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

சித்திரை பிறந்தது. வெயில் மனுஷனைப் பிழிந்தது. ஜெராக்ஸ் மிஷினிலிருந்து வரும் தாளைவிட மேஜை சூடாக இருந்தது. எனக்குப் பிடிக்காத அந்த வெயில் அக்காவுக்குத் தேவையாக இருந்தது. இரண்டாம் எடுப்பு களத்துக்கு வந்துவிட்டது. ஊருக்குப் பொதுவான சிமெண்ட் களம் அது. ஓடைக்கரையை ஒட்டிப் பள்ளத்தில் கட்டியிருந்தார்கள், அங்கேதான் சும்மா கிடந்த இடம் இருந்ததாம். அதில் பாதிக்கு மேல் அக்காவின் மிளகாய்தான். போனிலேயே அவள் குரலில் நிறம் தெரிந்தது.

"ஏலே, குங்குமத்தைக் கொட்டுன மாதிரி கெடக்கு. இன்னும் மூணு வெயிலு கெடைச்சாப் போதும். மூட்டையாக் கட்டிருவேன்."

அடுத்த நாள் காலை என் போனில் மறுபடியும் ஆரஞ்சு. பிற்பகலில் இடி, சூறைக்காற்று, பலத்த மழை, ஓடைகளில் திடீர் வெள்ளம். கடைக்கு வெளியே வந்து பார்த்தேன். வானம் தேய்த்த பாத்திரமாக இருந்தது. அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே என் மூஞ்சியைப் பார்த்துவிட்டார்.

"வந்துட்டு வே, வந்துட்டு! ஆபீசர் மூஞ்சியில மேகம் கூடிட்டு. அக்காவுக்குப் போனைப் போடும், தார்ப்பாயை விரிக்கட்டும்!"

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் வந்தது. மணி ஒன்பது.

"உன் போனு என்ன சொல்லுதுலே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு தடவையாவது தைரியசாலி மாதிரி பேச நினைத்தேன்.

"ஒண்ணும் சொல்லலக்கா. வெயிலு மட்டும்தான். நல்லாக் காயப்போடு."

"அப்பம் சரி" என்று வைத்துவிட்டாள்.

என் ஆயுளில் பயப்படாமல் பேசிய ஒரே நாள் அது.

மூன்றரை மணிக்குக் காற்று வந்தது. முதலில் தெருவில் இருந்த புழுதி அத்தனையும் எழுந்து நின்றது. அப்புறம் என் கடைக்குள் யார் யாருடைய ஆதார் கார்டோ பறந்தது. எதிர்க்கடையின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். தலையும் ஒரு தோளும் மட்டும் உள்ளே போயின, மீதியை மேஜை ஏற்கவில்லை. அந்த நிலையிலேயே அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை.

மழை சற்றுக் குறைந்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன். என்னைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளி மின்னலுக்கு நடுவே திருவேங்கடம் ரோட்டில் போவதை நானே நம்பவில்லை. ஒவ்வொரு இடிக்கும் "எக்கா" என்று கத்தினேன். நல்ல வேளை, ரோட்டில் வேறு யாரும் இல்லை. ஊருக்கு முந்தைய தரைப்பாலத்தில் தண்ணீர் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வண்டியை ஒரு வேப்பமரத்தில் சாத்திவிட்டு நின்றபோதுதான் கவனித்தேன். செம்பழுப்புத் தண்ணீரில் சிவப்பு சிவப்பாக மிதந்து வந்தன. பூ என்று நினைத்தேன், ஒரு நொடிதான். மிளகாய்.

தண்ணீர் வடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அக்காவின் ஒரு வருஷம் என் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

களத்தில் சிமெண்ட் தரை மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அக்கா ஓடைக்குள் முழங்காலளவு சேற்றில் நின்று, கருவேல முள்ளில் சிக்கிய மிளகாயைக் கூடையில் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள், செடியில் பறிப்பது போலவே, ஒவ்வொன்றாக. ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் கூட நின்று பொறுக்கினார்கள். நானும் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் வியர்வையைத் துடைப்பதாக நினைத்து அந்தக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன். அப்புறம் கேட்க வேண்டுமா! ஓடைக்குள் குதித்தேன், கத்தினேன், சேற்றில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்கள் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார்கள். "பாவம், டவுன்காரவுக" என்றாள் ஒருத்தி. கண்ணிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. மிளகாய் எரிச்சல் தீர்ந்த பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. அழுவதற்கு அவ்வளவு நல்ல சாக்கு இனிமேல் கிடைக்காது.

அக்காதான் முந்தானையை நனைத்து என் கண்ணில் ஒற்றினாள்.

"விடுலே. உன் போனு ஏமாத்திட்டு, நீ என்ன செய்வ? மிஷினுதான அது."

சொல்லியிருக்கலாம். 'போன் ஏமாத்தலக்கா, காலைலயே சொல்லிட்டு, நான்தான் சொல்லல' என்று ஒரு வரி. வாய் ஓயாத எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை. "ஆமாக்கா, சனியன் பிடிச்ச போனு" என்றேன்.

பொறுக்கியதில் ஒன்றரைக் கூடை தேறியது. அதுவும் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆவணியில் நிலத்துக்காரர் வந்து அடுத்த குத்தகையைப் பற்றிக் கேட்டபோது, காடு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். இப்போது அதில் உடைமரம் முளைத்துக் கிடக்கிறது. அவள் நூல் மில்லுக்குப் போகிறாள். அதிகாலையில் வேன் வருகிறது, பொழுது சாய்ந்து கொண்டுவந்து விடுகிறது. உள்ளே ஜன்னல் எல்லாம் அடைத்திருக்குமாம், வெளியே வெயிலா மழையா என்று தெரியாதாம். பஞ்சுத் தூசியில் இருமல் வந்திருக்கிறது. மிளகாய் நெடியில் இத்தனை வருஷம் இருமாதவள்.

என் போனில் வானிலை பார்க்கும் ஊர்களில் அவள் ஊரின் பெயரை நான் இன்னும் அழிக்கவில்லை. மறுபடி கோடை வந்துவிட்டது. கொதிக்கிற சூரியன், மின்னல், அலை, மூன்றும் வரிசையாக வருகின்றன. நான் தண்ணீர் பிடித்து வைத்தால் மனைவி இப்போது அண்டாவைத் தாண்டிப் போய்விடுகிறாள். அண்ணாச்சியும் ஆபீசர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். நான்தான் சில நாள் அந்தக் கேலியை எடுத்துக் கொடுக்கிறேன். அவர் சிரிக்காமல் டீயை நீட்டுகிறார்.

அக்கா மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஒன்பது மணிக்குப் பதிலாக விடியுமுன், வேனுக்காக நிற்கும்போது கூப்பிடுகிறாள்.

"ஏலே, இன்னைக்கு உன் போனு என்ன சொல்லுது?"

நான் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறேன். இத்தனை மணிக்கு இடி, இந்தத் திசையில் காற்று, ஓடைகளில் வெள்ளம் வரலாம், வெயில் நேரத்தில் வெளியே வர வேண்டாம். வாசித்துக்கொண்டே இருக்கிறேன். பரப்ப அவளிடம் எதுவும் இல்லை, அள்ளவும் எதுவும் இல்லை. நடுவில் நிறுத்தினால் அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"போதும்லே, வேன் வந்துட்டு" என்று வைத்துவிடுகிறாள்.