கடைக் கூழும் வீட்டுக் கூழும்

கம்பங்கூழ் உடம்புக்குக் குளிர்ச்சி என்று யாராவது என் முன்னால் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். கூழோடு எனக்குச் சண்டை இல்லை. கூழ் ஊற்றிய என் அண்ணனோடும் மதினியோடும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் பழைய சாக்குக் கடை வைத்திருந்தேன். எதிர்ச்சாரியில் மதினி தள்ளுவண்டியில் கூழ் விற்றார். ரெட்டியபட்டி பஸ்ஸில் வந்து இறங்குகிற சனம் முதலில் அந்த வண்டிக்குத்தான் போகும். மற்ற வண்டிகளில் வெயில் ஏற ஏறக் கூழ் கடுத்துப்போகும். மதினியின் கூழ் மட்டும் மறுநாள்கூட அளவான புளிப்போடு இருக்கும். "அவுக கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்று பேசிக்கொள்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கும் பெருமையாக இருக்கும். எங்கள் வீட்டு மனுஷி அல்லவா!

வியாபாரம் முடிந்ததும் மிஞ்சிய கூழைத் தூக்குச்சட்டியில் ஊற்றி என் மகளுக்குக் கொடுத்தனுப்புவார். அவளும் பெரியம்மா கூழ் என்றால் சோற்றை ஒதுக்கிவிடுவாள். என் மனைவிக்குத்தான் தண்ணீரில் சந்தேகம். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வருகிற நாள் திருநாள். மற்ற நாளெல்லாம் வண்டித் தண்ணீர்தான், அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று வண்டிக்காரனுக்கே வெளிச்சம். அண்ணனிடம் கேட்டேன்.

"அதுக்கு வேண்டியதப் பண்ணித்தான்லே விக்கிறோம்" என்றான். கொதிக்க வைப்பதைச் சொல்கிறான் என்று நம்பினேன்.

அந்தக் கோடையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. டவுனில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவளுக்கு அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. டைபாய்டு என்றார்கள். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"வழக்கமான மருந்து எதுக்கும் இந்தக் கிருமி அசையல. முன்னாடி கிருமிக்கான கேப்சூல் எதுவும் அடிக்கடி குடுத்தீங்களா? அரைகுறையா மருந்து பட்டுப் பட்டுத்தான் கிருமி இப்படிப் பழகிக்கும்."

இல்லவே இல்லை என்றேன். அவர் நம்பினாற்போலத் தெரியவில்லை. என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். மருந்தை மாற்றி ஊசி போட்டார்கள். ஊசிக்குக் காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கி, மகள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம் மதினி பார்க்க வந்தார். கையில் கூழ்.

"பயப்படாமக் குடுங்க தம்பி. இது வீட்டுக் கூழு, கடைக் கூழு இல்ல."

"ரெண்டும் வேற வேறயா மதினி?"

"வீட்டுக் கூழுல மருந்து போட மாட்டோம்ல" என்றார், உப்புப் போடுவதைச் சொல்வது மாதிரி.

பிறகு அவரே எல்லாம் சொன்னார். வீட்டுக் கோழிகளுக்குக் கழிச்சல் வந்தபோது, அண்ணன் மெடிக்கலில் கேப்சூல் வாங்கிப் பிரித்துக் கம்பு மாவில் பிசைந்து போட்டிருக்கிறான். சில கோழிகள் தப்பின. அப்புறம் ஒரு சமயம் கூழ் குடித்த லோடுமேன் வயிற்றால் போய் கூழ் வண்டி முன்னால் வந்து சண்டை போட, பிழைப்புப் போய்விடுமென்று பயந்து, கோழிக்குக் கேட்டது கூழுக்கும் கேட்கும் என்று முடிவு கட்டியிருக்கிறான். புளிப்புக்காகப் பானையில் கொஞ்சம் பழைய கூழை நிறுத்தி, அதன் மேல்தான் புதுக்கூழ் கரைப்பார்கள். அந்தப் பழைய கூழில் தினமும் கேப்சூல் தூள். ஊர் மெச்சிய கைப்பக்குவம் அதுதான். பானையில் மருந்துக்குச் சாகிற கிருமி செத்து, சாகாதது பெருகியிருக்கும் என்று டாக்டர் பின்னால் எனக்கு விளக்கினார்.

"உங்க பிள்ளைகளுக்கு?" என்று கேட்டேன்.

"அதுகளுக்கு வீட்டுல தனிப் பானைதான். கடைக் கூழு வீட்டுக்கு வரக்கூடாதுன்னு உங்க அண்ணன் கண்டிசனா சொல்லிட்டாக."

அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றான். நேரே போய்க் கேட்டேன்.

"ஒம் பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு ஒதுக்குன கூழை எம் பிள்ளைக்கு ஏண்ணே குடுத்த?"

அவன் முகத்தில் பயமே இல்லை. நன்றிகெட்டவனைப் பார்க்கிற கோபம்தான் இருந்தது.

"மிஞ்சுனதத்தான்லே குடுத்தோம். காசா வாங்குனோம்?"

என் மகளை அவன் பஸ் ஸ்டாண்டு சனத்தோடு சேர்த்து வைத்திருந்தான். நான்தான் அத்தனை வருஷமும் அவன் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.