ஆனி மாதத்தில் வந்த தெத்

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஜன்னலைத் திறந்தபோது கண் கூசியது. முற்றத்து மரம் ஓர் இலைகூட இல்லாமல் கிளைமுழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. அது தெத் என்னும் வியத்நாமியப் புத்தாண்டுக்குப் பூக்க வேண்டிய மரம். அப்போது நடந்துகொண்டிருந்ததோ ஆனி மாதம்.

நாங்கள் காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம், அப்பா சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த வருடம் மழை பிந்தியதில் கிணறு வற்றியிருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்ததில் ஆறு வயதுத் தங்கை தெரேஸ் பாயோடு பாயாகிவிட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா மாரியம்மன் கோயில் வாசலில் கை பார்ப்பவரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். ஆறாவது வயதில் "கண்டம்" இருக்கிறது, ஏழு பிறந்துவிட்டால் பயமில்லை என்று அவர் சொன்னார். தெரேஸின் பிறந்தநாள் மார்கழியில்தான் வரும்.

காலந்தவறிப் பூத்த மரம் கெட்ட சகுனம் என்று தெருவில் போனவர்கள் சிலர் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். அடுத்த வீட்டில் பலகாரம் செய்து விற்ற, கண்டத்தைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்டிருந்த பா ஹாய் மட்டும் உள்ளே வந்தார். "பா" என்பது அங்கே வயதான பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். எங்கள் வீட்டுப் பழக்கத்தில் அவர் பேசும் தமிழ் பாதி வழியில் நிற்கும்.

"வருசா வருசம் நாங்க கையால எலை பறிக்கிறது. அப்பதான் தெத்துக்குப் பூ வரும். இந்த வருசம் வெயில் பறிச்சிடுச்சு," என்றவர், பாயில் கிடந்தவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்குப் பொறந்தநாள் கெடையாது. தெத் வந்தா எல்லாருக்கும் ஒரு வயசு ஏறும். பூ வந்தாச்சு. நீ தெத் வை. பாப்பாவுக்கு ஏழு."

அம்மா வெகுநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் உளுந்து ஊறப்போட்டார்.

மாலையில் வாழையிலையில் கட்டிய பா ஹாயின் அரிசிப் பலகாரமும் அம்மாவின் வடையும் ஒரே தட்டில் இருந்தன. புதுக் கவுன் போட்டுச் சுவரில் சாய்த்து உட்காரவைக்கப்பட்ட தெரேஸ், விஷயத்தைக் கேட்டதும், "அக்காவுக்கு வேணாம்மா, எனக்கு மட்டும் ஏறட்டும்," என்றாள். அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றார்.

"என்னாடி கூத்து இது? ஆனி மாசத்துல வருசப் பொறப்பா?"

அம்மா கையிலிருந்த, காசு வைத்த சிவப்புக் காகித உறையை நீட்டினார். தெத் அன்று பெரியவர்கள்தான் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடத் தாமதத்தைக்கூட அலுவலகத்தில் மன்னிக்காத அப்பா, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அதைத் தெரேஸின் கையில் வைத்து, "போன் அன்னே, மத்மொசெல்," என்றார். துரைசாணிக்குச் சொல்வதுபோலச் சொன்ன அந்தப் பிரெஞ்சுப் புத்தாண்டு வாழ்த்தைக் கேட்டு அவள் சிரித்தாள்.

பூக்கள் உதிரத் தொடங்கிய நாட்களில் காய்ச்சல் இறங்கியது. அவள் எழுந்து நடந்தாள், எனக்குப் பக்கத்தில் நின்று உயரம் பார்த்தாள். ஆனால் ஈர மண்ணில் மஞ்சளாக ஒட்டிக்கிடந்த இதழ்களைப் பெருக்க அம்மா யாரையும் விடவில்லை, பெருக்கினால் அந்தப் பண்டிகை முடிந்துவிடும் என்பதுபோல. அவை பழுப்பேறியபோது காய்ச்சல் திரும்பியது. கிளைகளில் துளிர் விட்ட ஒரு விடியலில், அம்மாவின் மடியில், தெரேஸ் இறந்துபோனாள்.

கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்து பெயரைக் கேட்டார், பிறகு வயதைக் கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஏழு," என்றார் அப்பா.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அப்பா நிலைப்படியைப் பார்த்தபடி, "ஏழுன்னே வெட்டு," என்றார்.

அந்தக் கல் இன்று இல்லை. கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. எங்கள் முற்றத்தின்மேல் சாலை போகிறது. பா ஹாயின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை. நான் எந்தத் தேதியையும் சரிபார்க்காமல் எழுதுகிறவள் அல்ல. சென்ற மாதம் என் மகன் அவளுடைய ஞானஸ்நானச் சான்றைப் பார்த்து விரல்விட்டு எண்ணி, "சித்திக்கு ஆறுதானேம்மா வருது?" என்று கேட்டான்.

"ஏழுடா," என்றேன். "தெத் கழிஞ்சுதான் போனா."