யன்னல் இல்லாத ரயில்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தர்மலிங்கம் அண்ணை போய்விட்டார் என்று மானிப்பாயிலிருந்து தொலைபேசி வந்தபோது என் மனதில் எழுந்த முதல் எண்ணம், அடுத்த கிழமைப் பத்திக்கு இனி என்னத்தை எழுதுவது என்பதுதான். அழுகை பிறகு வந்தது. அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அவரை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது. வாரப் பத்திரிகையில் என் பெயர் நிலைத்ததே அவர் தயவில். ரயில்வேயில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு அதிவேக ரயில் விட, யாரும் கேட்காமலே திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். சோறு வைக்க வேண்டுமானால் தலைமன்னாரைச் சுருட்ட வேண்டும். "காலமை இஞ்சை இடியப்பம், மத்தியானம் அக்காவோடை சோறு" என்பார். போர்க்காலத்தில் வள்ளத்தில் போன அக்கா திருச்சியிலேயே தங்கிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக இருவரும் நேரில் பார்த்ததில்லை.

பாதையை நேராகக் கீறியிருந்தால் எனக்குப் பிழைப்பில்லை. அண்ணையோ ஒவ்வொரு காணிக்காரரிடமும் முதலில் சம்மதம் கேட்கப் போனார். கொடிகாமத்துக்கு நானும் கூடப் போனேன், என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்கத்தான்.

"ஸ்டேசன் எங்கை வரும்?" என்றார் ஒரு தேங்காய் வியாபாரி.

"உங்கடை சந்தைக்குக் கிட்ட."

"சோக்கு. தண்டவாளம்?"

"உங்கடை தென்னங்காணிக்குள்ளாலை."

"ஐயோ, அதைப் பக்கத்து வீட்டுக்காரன்ரை காணிக்குள்ளாலை விடுங்கோ. ரெண்டடி தள்ளி வேலி போட்டிருக்கிறான். ரயில் ஏறினாத்தான் திருந்துவான்."

அண்ணை அழிறப்பரை எடுத்து, அங்கேயே கோட்டை அழித்து வளைத்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் போனதும் மறுபடியும் வளைத்தார். "உந்த வளைவிலை அதிவேகம் ஓடுமோ அண்ணை?" என்று சீண்டினேன். "வாய்விட்டுக் கேட்ட ஆளுக்கு முகம் முறிக்கேலாது தம்பி. கடலுக்கு மேலை வேகம் பிடிச்சு ஓடட்டும்" என்றார்.

கடற்பாலத்தில் ஓடும் பெட்டிகளுக்கு அவர் யன்னலே வைக்கவில்லை. 'கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடும் ரயில்' என்று எழுதினேன். ஊரே சிரித்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், அதை வெட்டித் தன் கோப்பில் ஒட்டியிருந்தார். மேலே சிவப்பு மையில், 'பத்திரிகை ஆதரவு'.

"ஏனெண்டு கேக்காமல் எழுதிப்போட்டீர். அக்காவுக்குக் கடல் பயம். காணாமல் கடக்க வேணும்."

"பிளேனிலை கூப்பிடலாமே? பலாலியிலை வந்து இறங்கலாம்."

"அதுகும் கடலுக்கு மேலாலை எல்லோ?"

அன்றோடு என் சிரிப்பு நின்றது. பத்தி நிற்கவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். பென்சில் பிடிக்கக் கை வரவில்லை. "பாலம் முடிய எவ்வளவு காலம் எடுக்கும்?" என்று கேட்டார், தண்டவாளத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத என்னிடம்.

"கெதியா முடிஞ்சிடும் அண்ணை."

"பகிடி விடாதையும்" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பகிடி விடாமல் பேசிய ஒரே தடவை அது.

வரைபடம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அழித்து அழித்துக் கொடிகாமத்தில் கடதாசி ஓட்டையாகிவிட்டது. ஒருவருடைய முகத்தையும் முறிக்காத அந்த ஓட்டையைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அக்கா வந்தார், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில். கடல் பயத்தோடு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம் தம்பி? யன்னலோரம் இருந்து பாத்துக்கொண்டெல்லோ வந்தனான். நான் வரட்டோ எண்டு கேட்டால், ரயில் வரட்டும், நானே வாறன் எண்டுதான் சொல்லுவான். அண்டைக்கு என்னை வள்ளத்திலை ஏத்திப்போட்டு, தான் ஏறப் பயந்து, முழங்கால் தண்ணியோடை திரும்பிப் போனவன் அவன்."